ஓட்டையில் கோட்டை விடலாமா? - கம்ப்யூட்டர் டிராயிங் கற்பவர்களுக்கு 12 கேள்விகள்!

மதுரையிலிருந்து திருச்சி செல்லும் நான்குவழிச் சாலையில், மேலூரைத் தாண்டியதும் வரும் ஊர் கொட்டாம்பட்டி. நத்தம் பக்கம் ஒரு சாலையும் சிங்கம்புணரி பக்கம் ஒரு சாலையும் பிரியும் இடம். தென்னை மட்டையை நாராக்கும் தொழில் இந்த வட்டாரத்தில் பல குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது.

அப்படி ஒரு நார் மில்லில், எந்திரத்தின் பேரிங்கைத் தாங்கும் பிளேட் உடைந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 160-க்கு 100 மில்லிமீட்டர் அளவில் ஓர் இரும்பு பிளேட். அதில் நான்கு ஓட்டைகள். எந்திரத்தின் சட்டத்தில் ஏற்கெனவே மரை போட்ட நான்கு ஓட்டைகள் இருக்கின்றன. பிளேட்டை அதன்மேல் வைத்து, நான்கு போல்ட்டை முடுக்கினால் வேலை முடிந்தது.

மில்காரரின் மகள் டிப்ளமோ மெக்கானிக்கல் படிக்கிறார். கம்ப்யூட்டரில் டிராயிங் போடத் தெரியும். "நானே போட்டுத் தர்றேன்ப்பா" என்று இரவோடு இரவாக வரைகிறார். மறுநாள் லேசர் கட்டிங் கடைக்கு ஃபைல் போகிறது. மாலையில் பிளேட் கைக்கு வருகிறது. முதல் போல்ட் இறங்குகிறது. இரண்டாவது, மூன்றாவதும் இறங்குகின்றன. நான்காவது மட்டும் இறங்க மறுக்கிறது.

"என்ன தாயி, டிராயிங்ல சரியாத்தான இருந்துச்சு?" என்கிறார் அப்பா. மகளிடம் பதில் இல்லை. ஒரே ஓர் ஓட்டை, ஒரு மில்லிமீட்டர் தள்ளிப்போயிருக்கிறது.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால், கம்ப்யூட்டரில் வரையத் தொடங்கும் எவருக்கும் நடக்கக்கூடியது. பிளேட் பழைய இரும்புக் கடைக்குப் போகும். எந்திரம் இன்னொரு நாள் நிற்கும். அதைவிடப் பெரிய நஷ்டம், வீட்டில் முதல்முறையாக நம்பிக் கொடுத்த வேலை தப்பிவிட்டதே என்று அந்தப் பெண் குறுகிப்போவது.

ஒரு மில்லிமீட்டர் அவ்வளவு பெரிதா?

பெரிதுதான். எம்-10 போல்ட்டின் தடிமன் 10 மில்லிமீட்டர். அது தாராளமாக நுழைவதற்குப் பன்னாட்டுத் தர அளவுகளில் நடுத்தரமாகச் சொல்லப்பட்டிருக்கும் ஓட்டை அளவு 11 மில்லிமீட்டர். அதாவது, போல்ட்டைச் சுற்றி எந்தப் பக்கம் பார்த்தாலும் அரை மில்லிமீட்டர்தான் இடைவெளி. சட்டத்தில் மரை போட்ட ஓட்டை நகராது. எனவே, பிளேட்டின் ஓட்டை அரை மில்லிமீட்டருக்கு மேல் தள்ளினாலே போல்ட் இடிக்கும். அரத்தை வைத்து ராவி ஓட்டையை நீளமாக்கி மாட்டிவிடலாம் என்பார்கள். அது அன்றைக்கு நிவாரணம். அதிரும் எந்திரத்தில், தளர்ந்த ஓட்டை மெல்ல மெல்ல இன்னும் தளரும்.

கண்ணுக்குச் சரி... கணக்குக்குத் தப்பு!

அந்தப் பெண் எங்கே தவறினார்? ஆட்டோகேட், சாலிட்வொர்க்ஸ், ஃபியூஷன், ஃப்ரீகேட் என எந்த மென்பொருளாக இருந்தாலும் ஒரு வட்டத்தை எங்கே வேண்டுமானாலும் கிளிக் செய்து வரைந்துவிட முடியும். திரையில் பார்க்க அது மூலையில், சரியான இடத்தில் இருப்பதுபோலவே தெரியும். ஆனால், கண்ணுக்கு 20 மில்லிமீட்டராகத் தெரிவது உள்ளே 19.3 ஆகவோ 20.8 ஆகவோ இருக்கலாம். திரை அதைக் காட்டிக்கொடுக்காது.

அதைவிட ஆபத்து, சரியாக வைத்த வட்டம் பிறகு நகர்ந்துவிடுவது. வேறு எதையோ இழுக்கும்போது, கட்டிப்போடாத வட்டமும் சேர்ந்து நகரும். மூன்று ஓட்டைக்கு அளவு கொடுத்துவிட்டு, 'இது பார்த்தாலே தெரிகிறதே' என்று நான்காவதை விட்டுவைத்தால், தப்பு அங்கேதான் நுழைகிறது.

இதைத் தடுக்கத்தான் இந்த மென்பொருள்களில் 'கன்ஸ்ட்ரெய்ன்ட்' என்ற வசதி இருக்கிறது. தமிழில் 'கட்டுப்பாடு' எனலாம். மேய்ச்சலில் ஆட்டைக் கட்டிப்போடுவதுபோல என்று வைத்துக்கொண்டால் எளிதில் புரியும். ஒரே முளையில் விறைப்பாக ஒரு கயிறு கட்டினால், ஆடு அந்த முளையைச் சுற்றி வட்டமடிக்கும். இன்னொரு முளையிலிருந்தும் விறைப்பாக ஒரு கயிறு கட்டினால், அது நின்ற இடத்தை விட்டு நகராது. டிராயிங்கில் கொடுக்கும் ஒவ்வொரு கட்டுப்பாடும் ஒரு கயிறு.

12 கேள்விகள், 12 பதில்கள்

ஒரு வட்டம் வரைந்ததும் மென்பொருள் மூன்று கேள்விகள் கேட்கிறது. இடம் வலமாக எங்கே இருக்க வேண்டும்? மேலே கீழே எங்கே இருக்க வேண்டும்? எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? நான்கு வட்டம் என்றால் 12 கேள்விகள். ஒரு கேள்விக்குப் பதில் விட்டுப்போனாலும் அந்த வழியாக ஓட்டை நகரும்.

ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அளவு கொடுத்து 12 பதில்களையும் முடித்துவிடலாம். ஆனால், அது நீளமான வழி. அனுபவமுள்ள வரைவாளர்கள் செய்வது வேறு.

முதலில், பிளேட்டின் நீள்சதுரத்தைத் திரையின் மையப்புள்ளியை நடுவாக வைத்து வரைந்து, 160, 100 என அளவு கொடுத்து முடிக்கிறார்கள். அடுத்து, மூலைக்கு ஒன்றாக நான்கு வட்டங்களை உத்தேசமாகப் போடுகிறார்கள். பிறகு கயிறு கட்டும் வேலை.

* நான்கு வட்டமும் 'சம அளவு' என்று சொல்வதற்கு மூன்று கட்டுப்பாடுகள். பதில் 3.
* ஏதாவது ஒன்றுக்கு விட்டம் 11. மற்ற மூன்றும் தானாக மாறும். பதில் 4.
* மேல் வரிசையின் இரண்டு மையங்களும் 'ஒரே மட்டம்'. கீழ் வரிசையும் அப்படியே. பதில் 6.
* இடப்பக்க மையங்கள் இரண்டும் 'ஒரே செங்குத்து', வலப்பக்கமும் அப்படியே. பதில் 8.
* மூலைவிட்டமாக எதிரெதிரே உள்ள இரண்டு மையங்கள், திரையின் மையப்புள்ளிக்குச் 'சமச்சீர்'. இந்த ஒரே கட்டளை இரண்டு கேள்விகளை முடிக்கிறது. பதில் 10.
* ஓட்டைக்கு ஓட்டை நீளவாக்கில் 120, அகலவாக்கில் 60. பதில் 12.

இப்போது எந்த ஓட்டையும் நகராது. தட்டச்சு செய்த எண்கள் மூன்றே மூன்று: 11, 120, 60. எண்கள் குறைந்தால் தவறாகத் தட்டும் வாய்ப்பும் குறைகிறது.

கயிறு கூடினாலும் சிக்கல்தான். 'எதற்கும் இருக்கட்டும்' என்று இன்னொரு மூலைவிட்டத்துக்கும் சமச்சீர் கொடுத்தால், 'இது ஏற்கெனவே சொல்லப்பட்டதுதான்' என்று மென்பொருள் எச்சரிக்கும். புதிதாகக் கற்பவர்கள் அந்த எச்சரிக்கையைப் பார்த்துப் பயந்து, இருப்பதையெல்லாம் அழித்துவிடுவதுண்டு. அழிக்க வேண்டியது கடைசியாகக் கொடுத்த ஒன்றை மட்டும்தான்.

எங்கிருந்து அளப்பது?

அடுத்ததுதான் முக்கியமான இடம். மேலே சொன்ன பிளேட்டில் ஓட்டையின் மையம் விளிம்பிலிருந்து 20 மில்லிமீட்டர் உள்ளே இருக்கிறது. 'ஓட்டைக்கு ஓட்டை 120' என்று சொல்வதும், 'விளிம்பிலிருந்து 20' என்று சொல்வதும் இன்றைக்கு ஒன்றுதான். ஆனால், நாளைக்கு ஒன்றல்ல.

பிளேட் இன்னும் கொஞ்சம் நீளமாக இருந்தால் நல்லது என்று 160-ஐ 200 ஆக்குகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். விளிம்பிலிருந்து 20 என்று கட்டியிருந்தால், ஓட்டைகளும் விளிம்போடு சேர்ந்து ஓடிப்போய், ஓட்டைக்கு ஓட்டை 160 ஆகிவிடும். சட்டத்தில் இருக்கும் ஓட்டைகளோ 120-லேயே நிற்கும். நான்கு போல்ட்டும் சேர்ந்து இறங்காது. ஓட்டைக்கு ஓட்டை 120 என்று கட்டியிருந்தால் பிளேட் மட்டும் வளரும், ஓட்டைகள் அசையாது.

ஆகவே, அளவு கொடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி, 'இந்த ஓட்டை ஏன் இங்கே இருக்கிறது?' என்பதுதான். எதிரே இருக்கும் சட்டத்துக்காக என்றால் சட்டத்தின் அளவு. விளிம்பு பிய்யாமல் இருப்பதற்காக என்றால் விளிம்பிலிருந்து அளவு. ஒரு தண்டைச் சுற்றி வட்டமாக வரும் ஓட்டைகள் என்றால், பட்டறைகளில் 'பி.சி.டி' என்று சொல்லும் வட்டத்தைத் துணைக்கோடாக வரைந்து, எல்லா மையங்களையும் அதன்மேல் உட்கார வைக்க வேண்டும்.

வரிசையாக வரும் ஓட்டைகளுக்கும் இதே பாடம். 50 மில்லிமீட்டருக்கு ஒன்றாக ஐந்து ஓட்டைகள் என்றால், ஒன்றிலிருந்து அடுத்தது என்று சங்கிலியாக அளவு கொடுப்பது வழக்கம். கம்ப்யூட்டருக்குள் அதில் பிழை வராது. ஆனால், அந்தத் தாளைப் பார்த்துப் பட்டறையில் கையால் மார்க் செய்யும்போது ஒவ்வொரு அடியிலும் 0.2 மில்லிமீட்டர் பிசகினால், ஐந்தாவது ஓட்டைக்குள் அது 1 மில்லிமீட்டர் வரை சேர்ந்துவிடலாம். ஒரே விளிம்பிலிருந்து 50, 100, 150, 200, 250 என்று கொடுத்தால் பிழை சேராது.

சட்டத்தின் அளவை எடுப்பதற்கும் ஓர் எளிய வழி உண்டு. ஓட்டையின் மையத்தில் வெர்னியரை வைக்க முடியாது. எனவே, சட்டத்தின் இரண்டு ஓட்டைகளில் ஒரே மாதிரியான இரண்டு போல்ட்டுகளை நேராக முடுக்கி, வெளிப்புறத்துக்கு வெளிப்புறம் அளக்க வேண்டும். அதிலிருந்து ஒரு போல்ட்டின் தடிமனைக் கழிக்க வேண்டும். வெளி அளவு 129.8, போல்ட்டின் தடிமன் 9.8 என்றால் மையத்துக்கு மையம் 120. உடைந்த பிளேட்டை அளப்பதைவிட இது நம்பகமானது. உடையும் முன் அது வளைந்திருக்கலாம்.

60 ஆண்டு பழைய யோசனை

கட்டுப்பாடு கொடுத்து வரையும் இந்த யோசனை புதிதல்ல. 1963-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி-யில் ஐவன் சதர்லேண்ட் என்ற மாணவர், தன் முனைவர் பட்ட ஆய்வுக்காக 'ஸ்கெட்ச்பேட்' என்ற நிரலை உருவாக்கினார். ஒளிப்பேனாவால் திரையில் உத்தேசமாகக் கோடு போட்டுவிட்டு, 'இவை இரண்டும் இணையாக இருக்கட்டும்', 'இவை சம நீளமாக இருக்கட்டும்' என்று சொன்னால், கம்ப்யூட்டரே படத்தைத் திருத்திக்கொண்டது. அப்போது அவருக்கு வயது 24. கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருது 1988-ல் அவருக்குக் கிடைத்தது. அதே 1988-ல்தான், அளவை மாற்றினால் உருவமே மாறும் வகையிலான 'ப்ரோ-என்ஜினீயர்' மென்பொருள் தொழிற்சாலைகளுக்கு வந்தது.

ஒரு காலத்தில் பெரிய நிறுவனங்களால் மட்டுமே வாங்க முடிந்த இந்த வசதி, இன்று காசில்லாமலும் கிடைக்கிறது. எவரும் இலவசமாகத் தரவிறக்கிப் பயன்படுத்தக்கூடிய 'ஃப்ரீகேட்' மென்பொருளின் 1.0 பதிப்பு 2024 நவம்பரில் வெளியானது. வீட்டில் சுமாரான ஒரு கம்ப்யூட்டர் இருந்தால் பழக ஆரம்பித்துவிடலாம்.

வீட்டிலேயே ஒரு பரீட்சை

சரியாகக் கட்டியாயிற்றா என்பதை மென்பொருளே சொல்லும். சாலிட்வொர்க்ஸில் நீலமாக இருக்கும் கோடுகள், எல்லாக் கேள்விக்கும் பதில் கிடைத்ததும் கறுப்பாகும். ஃப்ரீகேட்டில் பச்சையாகும், இன்னும் எத்தனை கேள்விகள் பாக்கி என்ற எண்ணிக்கையும் பக்கத்தில் தெரியும்.

ஆனால், நிறத்தை மட்டும் நம்பக் கூடாது. 'ஃபிக்ஸ்', 'பிளாக்' போன்ற பெயர்களில் ஒரு பூட்டு வசதியும் இருக்கிறது. வட்டத்தை இருந்த இடத்திலேயே ஆணியடித்ததுபோல் நிறுத்திவிடும். நிறமும் மாறிவிடலாம். தப்பான இடத்தில் அடித்த ஆணியும் ஆணிதானே? அவசரத்தில் அந்தக் குறுக்கு வழிக்குப் போனால், ஓட்டை ஏன் அங்கே இருக்கிறது என்ற காரணம் டிராயிங்கில் இருக்காது.

அதனால், ஃபைலைக் கட்டிங் கடைக்கு அனுப்பும் முன் இரண்டு சோதனைகள். ஒன்று, ஒவ்வொரு வட்டத்தையும் மவுஸால் பிடித்து இழுத்துப் பார்ப்பது. அசைந்தால் எங்கோ ஒரு பதில் பாக்கி. இரண்டு, பிளேட்டின் நீளத்தை 160-லிருந்து 200 ஆக மாற்றிப் பார்ப்பது. ஓட்டைகள் இருக்க வேண்டிய இடத்திலேயே இருக்கின்றனவா என்று கவனித்துவிட்டு, மறக்காமல் பழைய எண்ணுக்கே திரும்ப வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து ஐந்து நிமிடம் ஆகாது.

முடிந்தால் மூன்றாவதாக ஒன்று: டிராயிங்கை முழு அளவில் தாளில் அச்சிட்டு, ஸ்கேலால் ஓர் அளவைச் சரிபார்த்துவிட்டு, எந்திரத்தின் சட்டத்தில் வைத்துப் பார்ப்பது. தாள் கிழிந்தால் நஷ்டம் சில ரூபாய்தான்.

பிள்ளைகளைப் பணம் கட்டி டிராயிங் வகுப்புக்கு அனுப்பும் பெற்றோருக்கு இந்த மென்பொருள் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. பிள்ளை திரையைக் காட்டும்போது, "இந்த ஓட்டை ஏன் இங்க இருக்கு தாயி?" என்று கேட்டாலே போதும். "பார்க்கச் சரியா இருந்துச்சு" என்று பதில் வந்தால், இன்னும் கொஞ்சம் பழக வேண்டும். "சட்டத்துல இருக்கிற ஓட்டை 120-ல இருக்குப்பா, அதுக்காகத்தான்" என்று பதில் வந்தால், பிளேட்டை நம்பி வெட்டக் கொடுக்கலாம்.