சத்து மாத்திரைகளும் தாதுச் சமநிலையும்: பெற்றோர், ஆசிரியர் சிந்தனைக்கு

அண்மைக் காலமாக நம் தமிழ்ப்பள்ளி வளாகங்களில் ஒரு புதிய வணிகம் ஓசையின்றி வளர்ந்து வருகின்றது. பிள்ளையை அழைத்துச் செல்ல வரும் தாய்மார்கள் வாயிலருகே காத்திருக்கும் பத்து நிமிடத்தில் ஒரு புட்டி கைமாறுகின்றது. வகுப்புப் புலனக் குழுவில் வீட்டுப்பாட அறிவிப்புக்கும் பிறந்தநாள் வாழ்த்துக்கும் நடுவே துத்தநாகம், கால்சியம், செலினியம், மெக்னீசியம் எனப் பட்டியலிட்ட வண்ணப் படம் வந்து விழுகின்றது. யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நீக்கப்பட்ட பின்னரும் 'நினைவாற்றல் மாத்திரை' நீங்கியபாடில்லை. விற்பவர் பெரும்பாலும் நமக்குத் தெரிந்தவரே. சில வேளைகளில் அவர் ஆசிரியராகவும் இருக்கின்றார். இவ்வணிகத்தைப் பற்றி எனக்கொரு கருத்துண்டு. அதைச் சொல்லுமுன் உடலியல் செய்திகள் சிலவற்றைப் பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

சத்துக் குறைவு என்பது வணிகர் கட்டிவிட்ட கதையன்று. நான் வாழும் லகாட், ஈயத்தால் எழுந்த ஊர். நூறாண்டுகளுக்கு முன் கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர்களைக் கூட்டங்கூட்டமாகக் கொன்ற நோய்களுள் ஒன்று பெரிபெரி. கால் வீங்கும், நரம்பு மரத்துப்போகும், இறுதியில் இதயம் நின்றுவிடும். அவர்கள் உண்டது நன்கு தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. அதே காலத்தில் ரப்பர் தோட்டங்களில் இருந்த நம் முன்னோர் மலேரியாவாலும் வயிற்றுப்போக்காலும் மாண்டார்களேயன்றி, பெரிபெரி அவர்களை அவ்வளவாக அண்டவில்லை. காரணம் புழுங்கல் அரிசி. நெல்லை அவிக்கும்போது உமியை ஒட்டிய பகுதியின் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகின்றது. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய பிராடன் என்னும் மருத்துவர் இவ்வேறுபாட்டைக் கவனித்து 1907-இல் நூலாகவே எழுதினார். அதே ஆண்டில் கோலாலம்பூர் மனநல விடுதியில் பிளெட்சர் என்பவர் நடத்திய சோதனையின் முடிவும் வெளிவந்தது. நோயாளிகளில் ஒரு பாதியினருக்குத் தீட்டிய அரிசியும் மறுபாதியினருக்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்துப் பார்த்ததில், தீட்டிய அரிசி உண்டவர்களிடையே பெரிபெரி பரவிற்று, பலர் இறந்தனர். பின்னர் மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த பிரேசரும் ஸ்டாண்டனும் இதை மேலும் உறுதிப்படுத்தினர். 'வைட்டமின்' என்ற சொல் 1912-இல்தான் பிறந்தது. அச்சொல்லுக்கு முன்பே அதன் உண்மை நம் மண்ணில், நம் பாட்டன்மார் சோற்றுத் தட்டில், தெரிந்துவிட்டது!

ஆகவே சத்து குறைந்தால் நோய் வரும் என்பதில் ஐயமில்லை. இன்றும் அந்நிலை முற்றிலும் மாறிவிடவில்லை. 2019-ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வின்படி, நம் நாட்டில் பிள்ளைபெறும் வயதுடைய பெண்களில் பத்தில் ஏறத்தாழ மூவருக்கு இரத்தசோகை இருக்கின்றது. மருத்துவர் தரும் இரும்பு மாத்திரையைக் கருவுற்ற பெண்ணொருத்தி தூக்கியெறிந்தால் அதனினும் பெரிய தவறு வேறில்லை. என் கவலை வேறு. "குறைந்தால் நோய்" என்ற உண்மையிலிருந்து "மிகுந்தால் நலம்" என்ற முடிவுக்கு நம் மக்கள் ஒரே தாவாகத் தாவிவிடுகின்றனர். தாதுச் சத்துகள் அவ்வாறு இயங்குவதில்லை.

துத்தநாகத்தையே எடுத்துக்கொள்வோம். மனிதருக்குத் துத்தநாகக் குறைபாடு வரக்கூடும் என்பதை உலகுக்குக் காட்டியவர் பீகாரில் பிறந்த ஆனந்த பிரசாத். 1958-இல் ஈரானின் ஷிராஸ் நகரில் அவர் கண்ட இளைஞர்கள், இருபது வயதைத் தாண்டியும் பத்து வயதுச் சிறுவரின் உருவத்தில் இருந்தனர். இரத்தசோகையும் இருந்தது, மண்ணைத் தின்னும் பழக்கமும் இருந்தது. அவர்களது உணவோ பெரும்பாலும் புளிக்கவைக்காத ரொட்டி. தானியத்திலுள்ள ஃபைட்டேட் என்ற பொருள் துத்தநாகத்தையும் இரும்பையும் குடல் உறிஞ்சாதவாறு பற்றிக்கொள்ளும். மாவைப் புளிக்கவைத்தால் அப்பிடி தளரும். (இட்லி, தோசை மாவைப் புளிக்கவைத்த நம் பாட்டிகளுக்கு ஒரு வணக்கம்.) பிரசாத்தும் அவருடைய குழுவினரும் 1961-இல் வெளியிட்ட ஆய்வுக்குப் பின்னர்தான் துத்தநாகத்தை மருத்துவ உலகம் திரும்பிப் பார்த்தது.

அதே பிரசாத் 1978-இல் மற்றோர் ஆய்வை வெளியிட்டார். துத்தநாகத்தை நெடுநாள் மிகுதியாக உட்கொண்டவர்க்கு உடலில் செம்பு குறைந்துபோவதை அது காட்டியது. குறைபாட்டைக் கண்டவரே மிகுதியின் கேட்டையும் கண்டார் என்பது என்னை மிகவும் கவர்ந்த செய்தி. நம் விற்பனையாளர்கள் முதற்பாதியை மட்டுமே அறிவர்.

செம்பு எவ்வாறு குறைகின்றது? துத்தநாகம் மிகுதியாகச் சென்றால் குடற்சுவரின் அணுக்கள் ஒரு வகைப் புரதத்தை நிறைய உண்டாக்குகின்றன. அப்புரதம் துத்தநாகத்தைவிடச் செம்பையே இறுகப் பற்றும். அவ்வணுக்கள் சில நாள்களில் உதிர்ந்து கழிவோடு வெளியேறும்போது செம்பும் உடன் போய்விடுகின்றது. உடலில் செம்பு மிகுந்து கல்லீரலைக் கெடுக்கும் வில்சன் நோய்க்குத் துத்தநாகத்தையே மருந்தாகத் தருவது இக்காரணத்தால்தான். அந்நோய் இல்லாதவர் பல மாதங்கள், ஆண்டுகள் விழுங்கினால் விளைவு என்ன? இரத்தசோகை வருகின்றது. வெள்ளையணுக்கள் குறைகின்றன. முதுகுத்தண்டு நரம்பு பழுதடைந்து கால் மரத்து, நடை தள்ளாடுகின்றது. 2008-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநில மருத்துவர்கள் இவ்வாறு பாதிக்கப்பட்ட சிலரைப் பற்றி எழுதினர். அவர்கள் மாத்திரைகூட விழுங்கவில்லை. பொய்ப்பற்களை ஒட்டும் பசையை அளவின்றிப் பூசிவந்தனர். அப்பசையில் துத்தநாகம் இருந்தது. செம்பை ஈடுசெய்தால் இரத்தம் தேறிவிடும். நரம்போ பல வேளைகளில் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை.

இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. இரத்தசோகை வந்ததும் விற்பனையாளர் என்ன சொல்வார்? "இரும்புச் சத்து போதவில்லை, இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்பார். கால் மரத்தால் "இது நச்சு வெளியேறும் அறிகுறி, இரு மடங்கு எடுங்கள்" என்பார். நச்சு வெளியேறுகின்றது என்ற இச்சொற்றொடரைப் போல் ஆபத்தான ஒன்றை நான் அறியேன். உடல் தரும் எச்சரிக்கை மணியைக் கோயில் மணியாக்கிவிடும் தந்திரம் அது.

என்னிடம் பயிலும் மாணவர் ஒருவரின் தந்தை, தாம் நாள்தோறும் உட்கொள்ளும் பொருள்களின் சிட்டைகளை ஒருமுறை கொண்டுவந்து காட்டினார். மொழிபெயர்த்துச் சொல்லும்படி கேட்டார். ஐந்து புட்டிகள். ஒன்றில் துத்தநாகம் 50 மில்லிகிராம், பல்சத்து மாத்திரையில் 15, தூள்பானத்தில் 6, ஆகமொத்தம் 71. வளர்ந்த ஆடவருக்கு நாளொன்றுக்குத் தேவை 11. உணவும் மாத்திரையும் சேர்த்து 40-ஐத் தாண்டலாகாது என்பது அமெரிக்க மருத்துவக் கழகம் 2001-இல் வகுத்த வரம்பு. மூன்றாம் ஆண்டு மாணவன் போடக்கூடிய கூட்டல் கணக்கு இது. ஆயினும் ஐந்து புட்டிகளை விற்றவர் எவரும் அதைப் போட்டுப் பார்க்கவில்லை; ஒவ்வொருவரும் தம் புட்டியை மட்டுமே அறிந்திருந்தனர். இதே வரம்பு நான்கு முதல் எட்டு வயதுக் குழந்தைக்கு 12 மில்லிகிராம்தான். பெரியவர் மாத்திரையில் பாதியை உடைத்துப் பிள்ளைக்குக் கொடுக்கும் வழக்கமுடைய தாய்மார்கள் இவ்வெண்ணை மனத்தில் இருத்த வேண்டும். அத்தந்தையிடம், அப்பட்டியலோடு அரசாங்கச் சுகாதார நிலையத்துக்குச் செல்லும்படி கூறினேன். சென்றார். மூன்று புட்டிகள் நின்றன.

மருத்துவம் துத்தநாகத்தைப் பயன்படுத்தும் முறையைப் பாருங்கள். வயிற்றுப்போக்குக் கண்ட குழந்தைகளுக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் கொடுக்கலாம் என 2004-இல் உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. பத்து முதல் பதினான்கு நாள்களுக்கு மட்டுமே. மருந்துக்கு முடிவுநாள் உண்டு. புட்டிக்கு அடுத்த புட்டிதான் உண்டு.

இரும்பின் கதையும் இத்தகையதே. தான்சானியாவின் பெம்பா தீவில் மலேரியா மிகுந்த பகுதியில் சிறு குழந்தைகளுக்கு இரும்பும் ஃபோலிக் அமிலமும் கொடுத்துப் பார்த்த ஆய்வின் முடிவு 2006-இல் வெளிவந்தது. நன்மை செய்யும் என நம்பிக் கொடுக்கப்பட்ட இரும்பு, கடுநோயையும் இறப்பையும் கூட்டியது. அதனால் அப்பகுதியை இடையிலேயே நிறுத்தினர். நம் நாட்டிலோ தலசீமியா மரபணுவைச் சுமப்போர் பலர் உளர். அவர்களின் சிவப்பணுக்கள் சிறுத்திருக்கும். மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு அது இரும்புக் குறைவு போலவே தோன்றும். குறைவே இல்லாதவருக்கு ஆண்டுக்கணக்கில் இரும்பைக் கொடுத்தால், அதை வெளியேற்றும் வழி உடலுக்குப் பெரிதாக இல்லை. அது உறுப்புகளில் தேங்கும். நான்காம் படிவ மாணவர்களுக்குப் பள்ளிகளில் தலசீமியா பரிசோதனை 2016-இல் தொடங்கப்பட்டது. பெற்றோர் ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிடத் தயங்க வேண்டா.

கால்சியத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கின்றேன். அளவுக்கு மிஞ்சினால் மலச்சிக்கல், சிறுநீரகக் கல், இரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகமே பழுதாதல் வரை போகும். வெற்றிலையோடு சுண்ணாம்பை அளவின்றிச் சேர்த்து மென்றவர்களிடமும் இந்நிலை பதிவாகியுள்ளது என்பதால், நம் வீட்டுப் பாட்டிமார் மாத்திரை தொடங்குமுன் வெற்றிலைப் பெட்டியையும் மருத்துவரிடம் சொல்லிவிடுவது நல்லது. கால்சியமும் இரும்பும் ஒரே வேளையில் விழுங்கினால் இரும்பு சரியாக உறிஞ்சப்படாது. தைராய்டு மாத்திரை உட்கொள்பவர் கால்சியத்துக்கும் அதற்கும் நான்கு மணி நேர இடைவெளி விட வேண்டும்.

நம் சமூகத்தை நேரடியாகத் தொடுவது பொட்டாசியமும் மெக்னீசியமும். 2019 ஆய்வில் வளர்ந்தவர்களில் ஐந்தில் ஏறத்தாழ ஒருவருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியரிடம் அது மற்றெல்லா இனத்தாரையும் விட மிகுதி. இனிப்புநீரின் அடுத்த வாசல் சிறுநீரகம். பழுதடைந்த சிறுநீரகத்தால் இவ்விரு தாதுக்களையும் வெளியேற்ற இயலாது. பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பு நிலைகுலைந்து நின்றே போகலாம். 'இயற்கைப் பொருள்' என்னும் போர்வையில் இரவுச் சந்தைவரை விற்கப்படும் மெங்குடுச் சாறு, அதாவது நோனி, பொட்டாசியம் நிறைந்தது. சிறுநீரக நோயாளி ஒருவருக்கு அச்சாற்றால் பொட்டாசியம் ஏறியதை அமெரிக்க மருத்துவர்கள் 2000-ஆம் ஆண்டிலேயே எழுதிவிட்டனர். 'உப்புக் குறைந்த உப்பு' என விற்கப்படுவதில் சோடியத்துக்குப் பதிலாகச் சேர்ப்பதும் பெரும்பாலும் பொட்டாசியமே. இனிப்புநீருக்கு மருந்து உண்ணும் ஒருவருக்கு இவற்றை விற்கும் அண்டை வீட்டுக்காரர், "உங்கள் சிறுநீரகப் பரிசோதனை அறிக்கை எங்கே?" என்று கேட்டதை எவரேனும் கண்டதுண்டா?

"பதிவு பெற்ற பொருள்தானே?" எனப் பலர் கேட்பர். தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனம் வழங்கும் 'மால்' எனத் தொடங்கும் பதிவெண்ணைப் பார்ப்பது கட்டாயம். ஒளிப்பட முத்திரையையும் பார்க்க வேண்டும். ஆயினும் அப்பதிவு ஒரு புட்டியைப் பற்றியது. ஐந்து புட்டிகளும் மூன்று மருந்துகளும் ஒரே வயிற்றில் சந்திப்பதை எந்தப் பதிவெண்ணும் காத்துநிற்காது. தயாரிப்பிலும் பிழை நேரும். 2008-இல் அமெரிக்காவில் ஒரு திரவச் சத்துப்பொருளில் செலினியம், சிட்டையில் குறித்ததைப்போல் 200 மடங்கு சேர்ந்துவிட்டது. பத்து மாநிலங்களில் 201 பேர் முடி கொட்டியும் நகம் சிதைந்தும் துன்புற்றனர்.

இனி என் கருத்து. தம் வகுப்பு மாணவரின் பெற்றோரிடம் ஆசிரியர் சத்துப்பொருள் விற்பது கூடாது. அரசு ஊழியர் வெளி வேலை செய்ய முன் அனுமதி பெற வேண்டும் என்று 1993-ஆம் ஆண்டுப் பொது அதிகாரிகள் நடத்தை, கட்டொழுங்கு விதிகள் கூறுவது ஒருபுறம் இருக்கட்டும். ஆசிரியர் சொல்வதைப் பெற்றோர் மறுப்பதில்லை, அதுவே பெருஞ்சிக்கல். ரப்பர்த் தோட்டம் துண்டாடப்பட்டு நகர்ப்புற வீட்டுக்குக் குடிபெயர்ந்த ஒரு தாய், "வாத்தியாரே சொன்னார்" என்பதற்காக மாதம் முந்நூறு வெள்ளியை ஒதுக்குவார். அப்பணம் மீன், முட்டை, கீரை வாங்க வேண்டிய பணம். ஆசிரியர்களின் வருமானத் தேவையை நான் அறியாதவனல்லேன். துணி விற்கலாம், பலகாரம் விற்கலாம். உடலுக்குள் செல்லும் தாதுவை, இரத்தப் பரிசோதனை இன்றி, தம்மை நம்பும் ஒருவருக்கு விற்பது வேறு வகை.

வரும் பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொதுக்கூட்டத்தில் மூன்று கோரிக்கைகளை எழுத்துவழி முன்வைக்க எண்ணியுள்ளேன்: பள்ளி மண்டபத்தில் சத்துப்பொருள் விளக்கக் கூட்டங்களுக்கு இடமளிக்கலாகாது; வகுப்புப் புலனக் குழுக்களில் அவற்றின் விளம்பரம் கூடாது; ஆண்டுக்கொரு முறை சுகாதார நிலைய மருந்தாளுநரை அழைத்து, பெற்றோர் வீட்டிலுள்ள புட்டிகளையெல்லாம் ஒரு பையில் கொண்டுவந்து காட்டும் நாள் ஒன்றை நடத்த வேண்டும். பிற பள்ளி ஆசிரியர்களும் தத்தம் சங்கங்களில் இதைப் பேசிப் பார்க்கலாம்.

பி.கு.: "அப்படியானால் பிள்ளைக்கு எதைக் கொடுப்பது?" என்று கேட்போருக்கு. நூறு கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 340 மில்லிகிராம் கால்சியம் உண்டு. நெத்திலியை முள்ளோடு உண்டால் அதிலும் உண்டு. நம் பக்கத்து ஊரான மெங்லெம்புவின் கச்சான் நாடறிந்தது. ஒரு கைப்பிடிக் கச்சானில் ஒரு நாளைக்குத் தேவையான செம்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கிடைக்கும், துத்தநாகமும் உடன் கிடைக்கும். கச்சான் ஒவ்வாத பிள்ளைகள் சிலர் உளர்; அவர்களுக்கு மட்டும் வேண்டா.