ஒரு தரப்புக் கதையும் நமது கடமையும்



ஒரு சமுதாயத்தின் மீது முத்திரை குத்த முழுப் பொய் தேவையில்லை. உண்மையின் ஒரு துண்டை எடுத்து, அதையே முழு உண்மையென நாள்தோறும் காட்டினால் போதும். 2020-ஆம் ஆண்டு நாம் பட்ட பாடே இதற்குச் சான்று.

அவ்வாண்டு மார்ச் மாதம் டெல்லி நிஜாமுத்தீன் மர்கஸில் கூடியவர்களிடையே கொரோனா பரவியது உண்மை. கூட்டத்தை நடத்தியோர் எச்சரிக்கையாக இருந்தார்களா என்று கேட்பது நியாயமே. ஆயினும் அக்கேள்வியோடு யாரும் நிற்கவில்லை. ஒரு கட்டடத்தில் நேர்ந்த தொற்று, ஒரு சமயத்தாரின் சதியாகத் திரிக்கப்பட்டது. 'கொரோனா ஜிஹாத்' என்னும் சொல் தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் வலம் வந்தது. தள்ளுவண்டியில் காய்கறி விற்றவரைப் பெயர் கேட்டு விரட்டிய கொடுமையும் நிகழ்ந்தது.

எண்களும் இதற்குத் துணைபோயின. நாட்டில் பதிவான 14,378 தொற்றுகளில் 4,291 தப்லீக் கூட்டத்தோடு தொடர்புடையவை என ஏப்ரல் 18 அன்று மத்திய சுகாதார அமைச்சகம் அறிவித்தது. பரிசோதனை வசதி அரிதாயிருந்த அந்நாட்களில், மர்கஸ் சென்று வந்தோர் ஊர் ஊராகத் தேடிப் பரிசோதிக்கப்பட்டனர். தேடிய இடத்தில்தானே அகப்படும்? பிற கூட்டங்களுக்குச் சென்றோரும் இதே முனைப்போடு தேடப்பட்டனரா? எத்தனை பேரைச் சோதித்ததில் இத்தனை பேர்? இவற்றைக் கேட்டவர் வெகு சிலரே.

பின்னர் நீதிமன்றங்கள் பேசின. 2020 ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, 29 வெளிநாட்டவர் மீதான வழக்குகளை ரத்து செய்தது. அவர்கள் பலிகடாக்களாக ஆக்கப்பட்டிருக்கக் கூடும் என்றும் கூறியது. டிசம்பரில் டெல்லி நீதிமன்றம் 36 வெளிநாட்டவரை விடுவித்தது. 70 இந்தியர்கள் மீதான வழக்குகளை டெல்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்ய 2025 ஜூலை ஆயிற்று. பழி சுமத்திய குரல்கள் வாரக்கணக்கில் முழங்கின. தீர்ப்புகளோ ஓரிரு நாளில் அடங்கிப்போயின. நோயிலிருந்து மீண்ட தப்லீக் சகோதரர்கள் பிளாஸ்மா தானம் செய்த செய்தி எத்தனை வீடுகளை எட்டியது?

அநீதிக்கு ஆளானவர்கள் என்பதாலேயே நாம் நீதியாளர்கள் ஆகிவிட மாட்டோம். வட மாநிலத் தொழிலாளி என்றதும் திருடன் என ஐயுறுவதும், மாற்றுக் கருத்துடைய ஜமாஅத்தைப் பற்றிய குரல்பதிவை விசாரியாமல் பத்துக் குழுக்களுக்கு அனுப்புவதும் நம் வீடுகளில் நடப்பவைதாமே?

தீயவன் கொண்டுவரும் செய்தியைத் தீர விசாரிக்குமாறு அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6-ஆவது வசனம் பணிக்கிறது. அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்கே தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்த நேரும் என்பதே அது கூறும் காரணம். கேள்விப்பட்டதையெல்லாம் பரப்புவதே ஒருவர் பொய்யர் என்பதற்குப் போதுமானது என நபி (ஸல்) அவர்களும் எச்சரித்துள்ளார்கள்.

ஆகவே, சொல்பவர் யார், மறுதரப்பு எங்கே, எண்ணுக்குப் பின்னுள்ள கணக்கு என்ன என்று கேட்போம். நம்மைத் தூற்றும் செய்தியிடம் கேட்கும் இக்கேள்விகளை, நமக்குப் பிடிக்காதவரைத் தூற்றும் செய்தியிடமும் கேட்பதே ஈமானுக்கு அழகு.