கூத்துக்கு இருபது நிமிடம்

போன வாரம் எங்கள் ஓய்வூதியர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. துரியோதனன் வேஷம் கட்டிய கலைஞர், தலையில் கிரீடம், முகத்தில் சிவப்பு அரிதாரம். கீழே "அழிந்துவரும் நம் பாரம்பரியக் கலை, பகிருங்கள்" என்று ஒரு வரி. நாற்பது பேர் கும்பிடு போட்டிருந்தார்கள். "இதில் யாராவது கடந்த பத்து வருடத்தில் ஒரு முழு ராத்திரி, அது வேண்டாம், ஒரு அரை ராத்திரி கூத்து முன்னால் உட்கார்ந்திருக்கிறீர்களா?" என்று கேட்டேன். பதில் இல்லை. ஒரே ஒருவர் கட்டைவிரல் போட்டார். எதற்குப் போட்டார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அழிந்துவரும், நலிந்துவரும் என்கிற இந்தச் சொற்களைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஏதோ ஏரித் தண்ணீர் வெயிலில் தானாக வற்றுவது போல, யாருக்கும் அதில் பங்கில்லை என்பது போல ஒரு பேச்சு. எங்கள் தர்மபுரி மாவட்டத்தில் ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள், பாடுகிறவர்கள் இருக்கிறார்கள், மிருதங்கமும் முகவீணையும் ஆர்மோனியமும் இருக்கின்றன. பங்குனி பிறந்தால் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைக்கிறார்கள். பகலில் வில்லிபாரதப் பிரசங்கம், இரவில் கூத்து, கடைசி நாள் படுகளம், தீமிதி. ஊர்க்காரர்கள் இதைக் கூத்து என்றுகூடச் சொல்வதில்லை, ‘நாடகம்’ என்பார்கள். "இன்னைக்கு ராத்திரி நாடகம்" என்றால் எல்லாருக்கும் புரியும். அங்கே போய் உட்காராமல் போனவர்கள் படித்தவர்கள், மாதம் பிறந்தால் வங்கியில் பணம் விழுகிறவர்கள். அழிகிறது என்று அதிகம் புலம்புவதும் அவர்கள்தான்.

இந்தப் புலம்பலின் உச்சத்தைப் பார்க்க வேண்டுமென்றால் ஆடி மாதம் ஒகேனக்கலுக்கு வாருங்கள்.

ஒகேனக்கலைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்தது டிவியில் ஓடும் நீர்வரத்துக் கணக்கு. இத்தனை ஆயிரம் கன அடி, குளிக்கத் தடை, பரிசல் ஓட்டத் தடை. 2024 ஜூலைக் கடைசியில் அது லட்சத்தைத் தாண்டியபோது சென்னையிலிருந்து எனக்கு எத்தனை போன்! ஆடிப்பெருக்குக்கு இங்கே அரசு விழாவும் நடக்கும். பெரிய பந்தல், துறைவாரியாக அரங்குகள், நலத்திட்ட உதவிகள், பள்ளிப் பிள்ளைகளின் நடனம், அப்புறம் கலை நிகழ்ச்சி. மாவட்டத்துக்கு மாவட்டம் அரசு விழா என்றால் ஏறக்குறைய இதே வரிசைதான். அந்தக் கலை நிகழ்ச்சி என்ற பகுதிக்குள்தான் கரகம், தப்பாட்டம், பொய்க்கால் குதிரையோடு கூத்தையும் திணிப்பார்கள். பதினைந்து நிமிடம், மிஞ்சினால் இருபது.

எந்த வருடம், யார் நடத்திய விழா என்பதெல்லாம் வேண்டாம், ஒரு மேடையில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். இரண்டு பேர் திரையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். உள்ளேயிருந்து ராஜா பாடத் தொடங்குகிறார். கூத்தில் இந்தத் திரைப் பிரவேசம் அவசரப்படவே கூடாத இடம். முதலில் குரல் மட்டும். பிறகு திரைக்கு மேலே கிரீடத்தின் நுனி. காலில் சலங்கைச் சத்தம். திரை விலகும்போது அந்த ஆள் நம் பக்கத்து ஊர்க்காரர் என்பது மறந்துபோயிருக்கும். அன்றைக்கு ராஜாவின் குரல் மட்டும் வந்தது. சிறப்பு விருந்தினர் வந்துவிட்டார் என்று மைக்கைப் பிடுங்கினார்கள். வரவேற்பு, பொன்னாடை, பேச்சு எல்லாம் முடிந்து திரும்பக் கூப்பிட்டபோது "ரெண்டு நிமிஷத்துல முடிச்சிருங்க" என்று உத்தரவு. அவர் திரையே இல்லாமல் வந்து நான்கு சுற்று சுற்றிவிட்டுக் கும்பிட்டார். கைதட்டல். இவருக்கும் ஒரு பொன்னாடை. பின்னால் போய்ப் பார்த்தேன். கண்ணாடியைத் தொடையில் வைத்துக்கொண்டு தேங்காய் எண்ணெய் தடவி அரிதாரத்தை அழித்துக்கொண்டிருந்தார். "வேஷங்கட்டின நேரத்துக்காச்சும் ஆட விட்டிருக்கலாங்க சார்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். கோபம்கூட இல்லை அந்தக் குரலில்.

வேஷம் கட்ட இரண்டு மூன்று மணி நேரம் ஆகும் என்பது பொன்னாடை போர்த்தியவருக்குத் தெரிந்திருக்குமா? முகம் எழுத வேண்டும். கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கிய கிரீடம், புஜகீர்த்தி, மார்ப்பதக்கம் எல்லாவற்றையும் கயிற்றால் உடம்போடு இறுக்கிக் கட்ட வேண்டும். அந்தக் கட்டைகளால்தான் கட்டைக்கூத்து என்ற பெயரே. ‘தெரு’ என்று முன்னால் ஒட்டுவது கலையை மட்டமாக்குகிறது என்று காஞ்சிபுரத்தில் பெருங்கட்டூர் ராஜகோபால் முன்னின்று 1990ல் தொடங்கிய சங்கம் அதனால்தான் கட்டைக்கூத்துச் சங்கம் என்று பெயர் வைத்துக்கொண்டது. பெயருக்காகவே சண்டை போட வேண்டியிருந்த ஆட்கள் இவர்கள்.

இருபது நிமிடத்தில் என்ன கெடுகிறது, ஒரு மாதிரி காட்டினால் போதாதா என்று கேட்பவர்களுக்கு: கூத்து விடியவிடிய நடப்பது நேரத்தை இழுத்தடிக்க அல்ல. அது அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது. பார்க்கிறவன் பகலெல்லாம் காட்டில் வேலை செய்தவன், தூங்குவான் என்பது ஆடுகிறவர்களுக்குத் தெரியும். அதனால் ஒரு விஷயத்தைப் பாட்டில் சொல்வார்கள், வசனத்தில் சொல்வார்கள், கோமாளி அதையே நம் ஊர்ப் பாஷையில் இன்னொரு முறை சொல்லிச் சிரிக்க வைப்பார். நடுவில் ஒரு மணி நேரம் கண்ணசந்தவனுக்கும் கதை தப்பாது. முக்கியமான இடம் வரும்போது பக்கத்தில் இருக்கிற கிழவி உலுக்கி எழுப்பிவிடுவாள். பசி, தூக்கம், பனி, கொட்டாவி எல்லாம் சேர்ந்து உடம்பு தளர்ந்திருக்கிற அந்த விடிகாலையில்தான் கர்ணன் சாவான். சாயங்காலம் ஐந்து மணிக்கு, வயிறு நிறைய வறுத்த மீன் தின்றுவிட்டு, நாற்காலியில் சாய்ந்துகொண்டு அதைப் பார்க்க முடியாது. இருபது நிமிடத்தில் மிஞ்சுவது கிரீடமும் சுழற்சியும். அது போட்டோவுக்குப் போதும். எங்கள் குழுவில் வந்த படம் அப்படி எடுத்ததாகத்தான் இருக்கும்.

"இப்போதெல்லாம் யூடியூபிலேயே முழுக் கூத்தும் இருக்கிறதே" என்று என் மைத்துனர் சொல்வார். இருக்கிறது, நானும் பார்க்கிறேன். அதைப் பார்த்துவிட்டு வெற்றிலை பாக்கு வைக்க வருகிறவர்களும் உண்டு, நல்லதுதான். ஆனால் கோமாளி யூடியூப் பார்வையாளரைப் பெயர் சொல்லிக் கிண்டல் செய்ய முடியாது. நேரில் போனால் செய்வார். முன் வரிசையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த என்னையே "பென்ஷன் வாங்கற துரை காலை மடக்கினா திரௌபதி நடக்கறதுக்குத் தோது" என்றார் ஒருவர். கூட்டம் முழுக்கச் சிரித்தது. பாட்டுக்கு நடுவில் நிறுத்தி, இன்னார் அன்பளிப்பு இத்தனை ரூபாய் என்று வாழ்த்துவார்கள். படித்தவர்களுக்கு இது ரசக்குறைவாகப் படுகிறது. சபாக்களில் கச்சேரி தொடங்கும் முன் ஸ்பான்சர் பெயர்கள் வரிசையாகப் படிக்கப்படும்போது மட்டும் யாருக்கும் ரசம் குறைவதில்லை.

ஆற்றுக்கு அந்தக் கரை கர்நாடகம். அந்த மாநிலத்தின் கடற்கரைப் பக்கம் யட்சகானத்தை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். கட்டீல் துர்கா பரமேஸ்வரி கோயில் மேளத்தின் ஆட்டத்தை நேர்த்திக்கடனாகத் தன் வீட்டு முற்றத்தில் நடத்த விரும்புகிறவர் பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்கிறார். அப்படிக் காத்திருப்பவர்களில் வக்கீலும் உண்டு, டாக்டரும் உண்டு. ஞானபீடம் வாங்கிய சிவராம காரந்த் யட்சகானத்தைப் பற்றிப் புத்தகம் எழுதியதோடு நிற்கவில்லை, ஆட்டக்காரர்களோடு சேர்ந்து வேலை செய்தார். நம்மிடமும் ஆட்கள் இல்லாமல் இல்லை. ந. முத்துசாமி கூத்தைப் பார்த்து மிரண்டுபோய் 1977ல் கூத்துப்பட்டறையையே தொடங்கினார். புரிசை கண்ணப்ப தம்பிரானைச் சென்னை நாடகக்காரர்கள் தேடிப் போனார்கள். எங்களுக்குப் பக்கத்தில் சேலம் மாவட்டம் ஏர்வாடியில் ‘மணல்வீடு’ ஹரிகிருஷ்ணன் பத்திரிகையும் நடத்திக்கொண்டு, களரி என்று ஓர் அமைப்பும் வைத்துக்கொண்டு, இந்தப் பக்கத்துக் கூத்துக் கலைஞர்களுக்காக உழைக்கிறார். விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள். மற்றவர்கள் என்ன செய்கிறோம்? 2025ல் புரிசை கண்ணப்ப சம்பந்தனுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தபோது செய்தியை அனுப்பிக்கொண்டோம். காஞ்சிபுரத்துக்காரர்கள் 2002ல் தொடங்கி, படிப்போடு கூத்தும், அதுவும் பெண் பிள்ளைகளுக்கும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்த குருகுலம் 2020ல் மூடப்பட்டபோது யாரும் எதையும் அனுப்பிக்கொள்ளவில்லை.

போலீஸ் அனுமதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். எம்.ஆர். ராதாவின் நாடகங்களை மனதில் வைத்து 1954ல் கொண்டுவந்த நாடகச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை, ஞாநி போட்ட வழக்கில் 2013ல் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்று சொல்லிவிட்டது. ஆனால் ஊர்க்காரர்கள் இன்னமும் மனுவைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கத்தான் வேண்டியிருக்கிறது, இப்போது ஒலிபெருக்கிக்காக. 2000ஆம் வருடத்து ஒலி மாசு விதிகளின்படி ராத்திரி 10 மணியோடு ஒலிபெருக்கி நிற்க வேண்டும். வருடத்துக்கு 15 நாள் வரை, திருவிழா போன்றவற்றுக்கு, நள்ளிரவு 12 மணிவரை மாநில அரசு தளர்த்தலாம். 12 மணிக்குக் கர்ணன் இன்னும் வீட்டைவிட்டே கிளம்பியிருக்க மாட்டான்! விதி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, நோயாளிகள் இருக்கிறார்கள், பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் சினிமாப் பாட்டு போடும் ஆடல் பாடல் நிகழ்ச்சிக்கும் ஊருக்கு வெளியே களத்துமேட்டில் நடக்கும் கூத்துக்கும் ஒரே அளவுகோலா? சொல்லப்போனால் மைக் வருவதற்கு முந்திய கலை இது. இரண்டு வயல் தாண்டிக் கேட்கும் குரல்கள் இன்னும் இருக்கின்றன. பக்கத்தில் போய் உட்கார ஆள் இருந்தால் பாதி ஒலிபெருக்கி தேவையே இல்லை.

ஆடல் பாடல் என்றதும் "இளைஞர்கள் அதைத்தான் கேட்கிறார்கள்" என்பார்கள் விழாக் கமிட்டிக்காரர்கள். கமிட்டியில் யார் இருக்கிறார்கள்? நரைத்த தலைகள்தான். வசூல் நோட்டு இவர்கள் கையில். கூத்துக் குழுவில் பத்துப் பதினைந்து பேர், வண்டி வாடகை, ஒரு முழு இரவு, எல்லாம் சேர்த்துப் பேசிய தொகையில் கடைசியாக ஆயிரம் இரண்டாயிரம் குறைக்கப் போராடுவதும் இவர்களே. பந்தல்காரரிடமும் வாணவேடிக்கைக்காரரிடமும் அந்தப் போராட்டம் நடப்பதில்லை. ராத்திரி ராஜாவாக இருந்தவர்களில் பலர் விடிந்ததும் முகம் கழுவிக்கொண்டு கட்டட வேலைக்குப் போகிறவர்கள். சீசன் முடிந்தால் பெங்களூர், திருப்பூர். கொரோனாவில் 2020, 2021 என்று இரண்டு சீசன் அடுத்தடுத்துப் போனதில் கட்டைகளைப் பரணில் போட்டுவிட்டுப் போனவர்கள் எல்லாரும் திரும்பி வந்துவிடவில்லை.

இதே பெங்களூரில் ஐடி வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் ஒருவர் மேடையில் நின்று ஜோக் சொல்வதைக் கேட்க ஆயிரம் ரூபாய் கொடுக்கிறார்கள். கொடுக்கட்டும். ஒகேனக்கலுக்கு வந்தால் பரிசலுக்கு, எண்ணெய்க் குளியலுக்கு, மீனுக்கு என்று கணக்கில்லாமல் செலவழிக்கிறார்கள். கூத்து என்றால் மட்டும் அது இலவசமாக, சுருக்கமாக, நாம் போகிற வழியில் நடக்க வேண்டும்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஆடிப்பெருக்குக்கு வரும் அத்தனை கலைகளையும் இருபது இருபது நிமிடமாக நறுக்குவதற்குப் பதிலாக, ஒரு ராத்திரி, ஒரு குழு, ஒரு முழுக் கதை. ஆற்றுச் சத்தம் கேட்காத இடமாகப் பார்த்து. நடுவில் பொன்னாடை கூடாது. விருந்தினர் வந்தால் பாயில் உட்காரட்டும். அது அரசு செய்ய வேண்டியது, மனுவும் எழுதிப் போட்டிருக்கிறேன்.

அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். பங்குனி முதல் ஆடி வரை பென்னாகரம், பாப்பாரப்பட்டி, பாலக்கோடு பக்கம் வருகிறவர்கள் டீக்கடைச் சுவர்களைப் பாருங்கள், நோட்டீஸ் ஒட்டியிருப்பார்கள். முதல் தடவை முழு ராத்திரி முடியாவிட்டால் பத்து மணிக்குப் போய் ஒரு மணிக்குத் திரும்புங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோரைப்பாய், சால்வை, ஒரு பிளாஸ்க் சுக்குக் காப்பி. மூட்டுவலிக்காரர்கள் சின்ன ஸ்டூல் கொண்டுபோகலாம், பின்னால் இருப்பவர்களுக்கு மறைக்காமல். கையில் நூறு, இருநூறாகச் சில்லறை மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். அன்பளிப்பைக் கொடுத்துவிட்டுப் பெயரைச் சொல்லுங்கள், கூச்சப்பட வேண்டாம். படுகளம் நடக்கும் நாளென்றால் பகலிலும் இருங்கள். மண்ணில் பெரிதாகச் செய்து படுக்க வைத்திருக்கும் துரியோதனனைச் சுற்றி பீமனும் துரியோதனனும் ஓடும் ஓட்டத்தை எந்த மேடையிலும் பார்க்க முடியாது. கர்ண மோட்சம் என்றால், கர்ணன் விடைபெற வரும்போது பொன்னுருவி அவன் பிறப்பைக் கேட்டு வாய்க்கு வாய் பேசும் இடம் முடியும் வரையாவது கண்ணசராமல் இருங்கள்.