லாபம் அள்ளியவரே குழியையும் சீர்செய்யட்டும்!

தலக்காடு மணலாகும், மாலங்கி மடுவாகும் என்று அலமேலம்மா சபித்ததாக மைசூரு வட்டாரத்தில் நான்கு நூற்றாண்டுகளாக ஒரு கதை வழங்கிவருகிறது. தி.நரசிபுர வட்டத்துத் தலக்காட்டில் மணல்மேட்டுக்குள் புதையுண்ட கோயில்களைக் காட்டி அக்கதையை இன்றும் சொல்கிறார்கள். சாபத்தின் முதற்பாதியைக் காற்றும் ஆறும் நிறைவேற்றின. மறுபாதியை நிறைவேற்றும் பொறுப்பை மணல் ஒப்பந்ததாரர்கள் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். கபினியிலும் காவிரியிலும், அவற்றின் கரையோரங்களிலும் மணல் அள்ளிய இடங்களில் மடுக்களே எஞ்சுகின்றன. லாரி போய்விடுகிறது, குழி ஊரோடு தங்கிவிடுகிறது.

ஆபத்து குழியின் ஆழத்தில் மட்டுமில்லை, அதன் சுவரிலும் இருக்கிறது. உலர்ந்த மணல் தானாக நிற்கக்கூடிய சாய்வு ஏறத்தாழ 30 முதல் 35 பாகைதான். ஈர மணலோ செங்குத்தாக வெட்டினாலும் சில நாள் நிற்கும். மணிகளுக்கிடையே உள்ள நீர்ப்படலம் அவற்றைப் பிடித்துவைத்திருக்கிறது. வெயிலில் காய்ந்தாலும் மழையில் ஊறினாலும் அப்பிடிப்பு அற்றுப்போகிறது. அந்நேரத்தில் அடியில் நின்று மணல் வாரும் கூலித் தொழிலாளியின் மீதோ, விளிம்பில் ஆடு மேய்க்கும் சிறுமியின் காலடியிலோ சுவர் சரிகிறது.

இதைத் தடுக்கும் வழி எவருக்கும் தெரியாத மறைபொருளன்று. தோண்டத் தொடங்கும்போதே மேல்மண்ணைத் தனியே குவித்துவைக்க வேண்டும். செங்குத்துச் சுவரின் மேல்விளிம்பைச் சீவி, ஒரு மீட்டர் உயரத்துக்கு இரண்டு மூன்று மீட்டர் அகலம் வருமாறு சாய்க்க வேண்டும். நிரப்பும் மண்ணை மெல்லிய அடுக்குகளாக இட்டு இறுக்க வேண்டும். மழைநீர் சரிவில் இறங்காதபடி மேற்புறம் வாய்க்கால் வெட்டி, மேல்மண்ணைப் பரப்பி, வெட்டிவேரைக் குறுக்கு வரிசைகளாக நட வேண்டும். மணல் அள்ளும் அதே பொக்லைன் அங்கேயே நிற்கும்போது இவ்வேலைக்கு ஆகும் செலவு குறைவு. எந்திரம் வெளியேறி, மேல்மண்ணும் விற்கப்பட்ட பின் அது பன்மடங்காகிறது. அந்தப் பன்மடங்குச் செலவைத்தான் ஊராட்சியின் தலையில் கட்டுகிறார்கள்.

சட்டம் என்ன செய்கிறது? வண்டல், மொரம், சரளை போன்ற இளகிய நிலத்தில் பக்கச் சுவர் 45 பாகைக்கு மேற்படாமல் சாய்ந்திருக்க வேண்டும், அல்லது ஒன்றரை மீட்டருக்கு மிகாத படிகளாக வெட்டப்பட வேண்டும் என்று 1961ஆம் ஆண்டின் சுரங்க ஒழுங்குமுறை விதிகள் கூறுகின்றன. ஆனால் 1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டமோ, ஆழம் ஆறு மீட்டரையும் தொழிலாளர் எண்ணிக்கை ஐம்பதையும் தாண்டாத, வெடிமருந்து பயன்படுத்தாத திறந்தவெளி மணற்குழிகளைத் தன் பெரும்பாலான பிரிவுகளிலிருந்து விலக்கிவைத்தது. மண்வெட்டியும் கூடையும் இருந்த காலத்து விலக்கு அது. நான்கு பேரும் ஓர் எந்திரமும் ஒரு கரையையே கரைத்துவிடும் இக்காலத்தில், அது முதலாளிக்குக் கேடயமாகிவிட்டது. ஆறு மீட்டர் மணற்சுவர் ஒரு மனிதனைப் புதைக்கப் போதாதா?

பெருங்கனிமச் சுரங்கங்களை மூடுவதற்கு உரிமையாளர் நிதி உத்தரவாதம் அளித்தாக வேண்டும். 2021ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி ‘ஏ’ வகைச் சுரங்கங்களுக்கு அது ஹெக்டேருக்கு 5 லட்சம் ரூபாய். சாதாரண மணலோ 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி ‘சிறு கனிமம்’. அவ்விதி அதற்குப் பொருந்தாது. சுற்றுச்சூழல் அனுமதியில் சீரமைப்பு நிபந்தனை எழுதப்படலாம். முன்பணம் பிடித்துவைக்காத நிபந்தனை வெறும் காகிதமே.

சரிவைக் காக்க அரசுக்குத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. 2021இன் மழையில் சாமுண்டி மலையில் நந்தி சிலைக்குச் செல்லும் சாலை சரிந்தபோது, பொதுப்பணித் துறைப் பொறியாளர்கள் விரைந்தார்கள். தடுப்புச் சுவர் குறித்துத் திட்டங்கள் தீட்டப்பட்டன. அது தேவையானதே. ஆனால் சுற்றுலாப் பயணியின் கார் செல்லும் சரிவுக்குக் கிடைக்கும் பொறியியல், கூலி விவசாயியின் மாடு இறங்கும் சரிவுக்கு ஏன் கிடைப்பதில்லை? இது வர்க்கக் கேள்வி.

‘ஆறு தானே நிரப்பிக்கொள்ளும்’ என்பது ஒப்பந்ததாரர்களின் வாதம். தி.நரசிபுரக் கூடுதுறைக்கு மேலே காவிரியில் கிருஷ்ணராஜசாகரும், கபினியில் 1974இல் முடிந்த அணையும் நிற்கின்றன. மேலிருந்து வரும் மணல் அவற்றின் நீர்த்தேக்கங்களில் படிந்துவிடுகிறது. ஆண்டுதோறும் அள்ளுவதை ஆறு எங்கிருந்து கொண்டுவரும்?

‘கட்டுப்பாடு விதித்தால் தொழிலாளியின் வேலை போகும்’ என்பது இன்னொரு வாதம். சுமைக்கூலிகளின் வேலையை முன்பே பறித்தது எந்திரம்தான்; அதைக் கொண்டுவந்தவர்களே இன்று தொழிலாளிக்காகக் கண்ணீர் வடிக்கிறார்கள். சரிவு சீவுதல், மண் பரப்புதல், நடவு, பராமரிப்பு ஆகிய அனைத்தும் உழைப்பைக் கோருபவை. அந்தக் கூலியை வழங்க வேண்டியது குத்தகைதாரரே. ஊரக வேலைத்திட்ட நிதியைக் கொண்டு தனியார் குழியை மூடுவது, மக்கள் பணத்தில் கொள்ளையின் தடயத்தை அழிப்பதாகும்.

மண்ணின் வளம் பறிபோவதையும் உழைப்பாளியின் வலிமை பறிபோவதையும் மார்க்ஸ் ஒரே சுரண்டலின் இரு முகங்களாகக் கண்டார். காவிரி நீருக்காகக் கன்னடரையும் தமிழரையும் மோதவிடும் கட்சிகள், அதே ஆற்றின் மணல் இரு மாநிலங்களிலும் கொள்ளை போவதைப் பற்றி வாய் திறப்பதில்லை. 2018 ஆகஸ்டில் முக்கொம்பில் கொள்ளிடத்தின் ஒன்பது மதகுகள் வெள்ளத்தில் போனபோது, மணற்கொள்ளையால் படுகை தாழ்ந்ததைத் தமிழக விவசாயிகள் சுட்டிக்காட்டினார்கள். மேல்கரையின் குழியும் கீழ்க்கரையின் உடைப்பும் ஒரே லாபக் கணக்கின் இரு பக்கங்கள்.

எனவே கோரிக்கைகள் தெளிவானவை. சீரமைப்புச் செலவு முழுவதையும் குத்தகைக்கு முன்பே வைப்புத்தொகையாகப் பெற வேண்டும். ஒரு பகுதியின் சரிவு சீராகாமல் அடுத்த பகுதியைத் தோண்ட அனுமதிக்கக் கூடாது. வேலை முடிந்ததென்ற சான்றைக் கிராம சபை ஏற்ற பின்னரே வைப்புத்தொகை திரும்ப வேண்டும். ஆறு மீட்டர் விலக்கு நீக்கப்பட வேண்டும். கைவிடப்பட்ட குழிகளின் பட்டியலைத் தோழர்கள் கிளைவாரியாகத் தயாரித்து, குத்தகைதாரரின் பெயரோடு மாவட்ட ஆட்சியரின் மேசையில் வைக்க வேண்டும். குழி இருக்கும் இடத்திலிருந்தே போராட்டம் தொடங்கட்டும்.