வன்டாம் அண்ணையும் வாழைமரமும்

ரெட்பானாச் சந்தித் தேத்தண்ணிக் கடையில் போன கிழமை வன்டாம் அண்ணையைக் கண்டேன். அவருக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் விசுவமடுவில் பக்கத்து வீட்டாருக்கே கொஞ்சம் யோசிக்க வேண்டிவரும். 'வன்டாம்' என்று கேளுங்கள், சின்னப் பிள்ளையும் படலையைக் காட்டும்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு வாழைமரம்.

1994 ஆம் ஆண்டு. எனக்குப் பதின்மூன்று வயது. கரண்ட் இல்லாத காலம். பற்றரிக்குத் தடை, எரிபொருளுக்குத் தடை. படம் பார்ப்பதென்றால் ஊரே சேர்ந்து செய்கிற வேலை. ஜெனரேற்றர் ஒருவரிடம், டெக் இன்னொருவரிடம், ரீவி வேறொருவரிடம் இருக்கும். ஆளுக்கு ஐந்து ரூபா. சத்தம் வெளியே போகாமல் இருக்க ஜெனரேற்றரைக் கிணற்றடிக்கு அப்பால் கிடங்கு வெட்டி இறக்கி வைப்பார்கள். அப்படியும் அது போடுகிற இரைச்சலில் விமானம் வந்தாலும் கேட்காது. அதற்காக ஒரு பெடியன் ஒழுங்கை முனையில் காதைக் கொடுத்தபடி நிற்பான். அவனிடம் காசு வாங்குவதில்லை. ஆனால் அவனுக்குப் படமும் இல்லை.

முதலில் கிழடுகளுக்காக ஒரு சாமிப் படம். பிறகு இரண்டு தமிழ்ப் படம். சாமம் தாண்டி, பெண்கள் பாயைச் சுருட்டும் நேரத்தில்தான் 'இங்கிலீஸ் அடிபாட்டுப் படம்' ஓடும். அதற்குள் எண்ணெய் குறைந்துவிடும். வோல்ற்றேஜ் விழ விழப் படம் நாலு பக்கமும் சுருங்கி, நடுவில் ஒரு லேஞ்சியளவில் நிற்கும். அந்த லேஞ்சிக்குள்தான் நாங்கள் ஜோன் குளோட் வன் டாமைக் கண்டோம். இரண்டு காலையும் நேர்கோடாய் விரித்து, காற்றில் ஒரு சுற்றுச் சுற்றி அவர் உதைக்கிற உதை லேஞ்சிக்கு வெளியே போய்விடும். மிச்சத்தை மனதால் பார்த்துக்கொண்டோம்.

அம்மம்மா உள்ளேயிருந்து கத்துவா: "வன்டாமும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். விளக்கை நூத்துப்போட்டுப் படுங்கோடா!"

'கிக்பொக்சர்' 1989 இல் வந்த படம். தாய்லாந்துக்குப் போன அண்ணனை வில்லன் அடித்து முடமாக்குவான். தம்பி வன் டாம் ஒரு கிழவரிடம் வித்தை பழகுவார். காலை வெறும் மரத்தில் உதைத்து உதைத்து உரமேற்றுவார். அதைப் பார்த்த அடுத்த நாள் காலை, அப்போது பதினெட்டு வயதான எங்கள் வன்டாம் அண்ணை பக்கத்துத் தோட்டத்து இதரை வாழையில் உதைக்கத் தொடங்கினார். ஐந்து நாள் மரம் தாங்கியது. ஆறாம் நாள் குலையோடு சாய்ந்தது. தோட்டக்காரர் மண்வெட்டியோடு படலைக்கு வந்து நின்று போட்ட சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது:

"கராட்டி பழகிறதெண்டா உன்ரை வளவுக்கை நிக்கிற முதிரையிலை உதைச்சுப் பழகடா! உனக்கு வாழைதான் கிடைச்சுதோ?"

அன்று ஒட்டிய பெயர் இன்றுவரை கழலவில்லை.

'அடிபாடு' என்றால் எங்கள் பக்கத்தில் வேறு பொருள். மணலாற்றில் அடிபாடு, பூநகரியில் அடிபாடு என்றால் அது போர். பகலெல்லாம் அதன் சத்தத்தைக் கேட்டவர்கள் இரவில் காசு கொடுத்து வேறோர் அடிபாட்டைப் பார்த்தது ஏன் என்று பின்னாளில் யோசித்திருக்கிறேன். படத்தில் அடிபடுபவர்கள் இரண்டே இரண்டு பேர். கையும் காலும்தான் ஆயுதம். யார் அடித்தது, யாருக்கு ஏன் விழுந்தது என்பது கண்ணுக்கு நேரே தெரிந்தது. விசில் ஊதினால் நிற்கிற அடிபாடு அது.

எம்.ஜி.ஆர், சிவாஜி மாதிரி எங்களுக்குள்ளும் இரண்டு கட்சி இருந்தது. ஒன்று வன் டாம் கட்சி. மற்றது ஸ்டீவன் சீகல் கட்சி. சீகல் அமெரிக்கர், ஜப்பானின் ஒசாகாவில் அய்கிடோ பழக்கியவர். குடுமி கட்டியிருப்பார், முகம் அசையாது, எதிரியின் மணிக்கட்டைப் பிடித்து முறிப்பார். 1992 இல் வந்த அவரது 'அண்டர் சீஜ்' உலகெங்கும் 15 கோடி டொலருக்கு மேல் உழைத்தது. இரண்டு வருடம் கழித்து வன் டாமின் 'டைம்கொப்' 10 கோடியைத் தொட்டது.

இரண்டு பேருக்கும் ஒரு பெரிய வேறுபாடு. சீகல் அடி வாங்கமாட்டார். இருபது பேர் வந்தாலும் சேர்ட்டுக் கசங்காது. வன் டாமோ முதல் முக்கால் மணித்தியாலமும் அடி வாங்குவார். உதடு கிழியும், கண் வீங்கும், 'பிளட்ஸ்போர்ட்' கடைசிச் சண்டையில் கண்ணில் தூள் எறிந்து குருடாக்கிவிடுவான் வில்லன். அதற்குப் பிறகுதான் எழும்புவார். எங்கள் ஊரில் வன் டாம் கட்சிதான் பெரிது. அடி வாங்கி எழும்புகிறவனை வன்னியில் யாருக்குப் பிடிக்காமல் போகும்?

1996 இல் வந்த 'எக்சிகியூட்டிவ் டிசிஷன்' படத்தில் சீகல், படம் பாதிக்கு வருமுன்னமே விமானத்திலிருந்து வெளியே போய்ச் செத்துவிடுவார். நாங்கள் கசற் பிழையென்றே முடிவு கட்டிவிட்டோம். டெக்காரர் இரண்டு தரம் றீவைண்ட் பண்ணிப் பார்த்தார். சீகல் கட்சிக்காரன் ஒருவன் ஐந்து ரூபாவைத் திருப்பிக் கேட்டுச் சண்டை பிடித்தான்.

அந்த நட்சத்திரங்கள் ஏன் மங்கினார்கள்?

கேள்வியைப் புரட்டிக் கேட்டால் விடை லேசாகக் கிடைக்கும்: அவர்கள் ஏன் மின்னினார்கள்? காரணம் கசற்தான். எண்பதுகளில் வீட்டுக்கு வீடு டெக் வந்தபோது, நாடு நாடாகக் கசற் விற்பவர்களுக்குச் சரக்குத் தேவைப்பட்டது. மெனகெம் கோலன், யோராம் குளோபஸ் என்ற இரண்டு மச்சான்மார் நடத்திய கனன் நிறுவனம் சிறு காசில் படம் எடுத்துத் தள்ளியது. சக் நோரிசின் 'மிஸ்ஸிங் இன் அக்சன்' அவர்களுடையது. 'பிளட்ஸ்போர்ட்' அவர்களுடையது. வசனம் குறைவு, உதை கூட. மொழி தெரியாத விசுவமடுப் பெடியனுக்கும் கதை விளங்கும். உடம்பு ஒன்றே மொழி. பிரசெல்சில் கராத்தேயும் பலேயும் பழகி, சிறுவயதுக் கூட்டாளி மிசேல் கிசியோடு வாய்ப்புத் தேடி அமெரிக்காவுக்குப் போன வன் டாமுக்கு அந்த உடம்புதான் மூலதனம். ('கிக்பொக்சர்' வில்லன் தொங் போ யாரென்று நினைத்தீர்கள்? அதே கிசிதான். நாங்கள் சாபம் போட்ட வில்லனும் வன் டாமும் ஒரே ஊர்ச் சிநேகிதர்கள்.)

அந்த மூலதனத்தைத் தொண்ணூறுகள் ஒவ்வொன்றாகக் கரைத்தன. 1993 நவம்பரில் அமெரிக்காவின் டென்வரில் யூ.எவ்.சி என்ற கூண்டுச் சண்டை தொடங்கியது. ரொய்ஸ் கிரேசி என்ற மெலிந்த பிரேசில்காரர் தன்னோடு மோதியவர்களை நிலத்தில் உருட்டி மடக்கி வென்றார். உண்மைச் சண்டை சுழன்றடிக்கும் உதையில் முடிவதில்லை என்பதை உலகம் ரீவியில் பார்த்துவிட்டது. அடுத்து ஜாக்கி சானும் ஜெட் லியும் ஹொலிவூட்டுக்குள் நுழைந்தார்கள். கடைசி ஆணி 1999 இல் வந்த 'தி மேற்றிக்ஸ்'. ஹொங்கொங் சண்டைப் பயிற்சியாளர் யுவென் வூ பிங், கராத்தே தெரியாத கியானு ரீவ்ஸைச் சில மாதம் பழக்கி, கம்பியில் தொங்கவிட்டு, கணினியால் மெருகூட்டிப் பறக்கவிட்டார். இருபது வருடம் கால் விரித்துப் பழகியவனும் நாலு மாதம் பழகியவனும் திரையில் ஒன்றாகிவிட்டார்கள். பிறகு முகமூடி போட்ட சூப்பர் நாயகர்கள் வந்தார்கள். முகமூடிக்குள் யாருடைய கால் உதைத்தால் என்ன?

சக் நோரிஸ் காற்றடிக்கும் பக்கம் அறிந்து 1993 இலேயே தொலைக்காட்சித் தொடருக்குப் போய் எட்டு வருடம் ஓட்டினார். 'ரொக்கி 4' இல் ரஷ்யனாக வந்த சுவீடன்காரர் டொல்ப் லண்ட்கிரனுக்கு இரசாயனப் பொறியியலில் முதுகலைப் பட்டம் இருந்தது. வேண்டுமானால் அந்தப் பக்கம் போயிருக்கலாம், போகவில்லை. வன் டாமும் சீகலும் பல்கேரியாவிலும் ருமேனியாவிலும் சின்னப் படங்கள் எடுத்து நேரே கடை அலுமாரிக்கு அனுப்பும் நிலைக்கு வந்தார்கள். ஹொலிவூட் எங்கள் அம்மம்மாவின் வசனத்தையே சொல்லிவிட்டது: வன்டாமும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம்.

வீழ்ந்த பிறகு இரண்டு பேரும் நடந்துகொண்ட விதம்தான் இந்தப் பத்தியை எழுதவைத்தது.

2008 இல் வன் டாம் 'ஜே.சி.வி.டி' என்ற படத்தில் வன் டாமாகவே நடித்தார். பிரசெல்சுக்குத் திரும்பி வந்த, காசில்லாத, பிள்ளையின் வழக்கில் தோற்ற ஒரு பழைய நட்சத்திரம் தபால் கந்தோர்க் கொள்ளை ஒன்றில் மாட்டுப்படுகிறார். தொடக்கத்திலேயே நீண்ட சண்டைக் காட்சி ஒன்றை ஒரே மூச்சில் எடுத்து முடித்து, மூச்சிரைத்தபடி இயக்குநரிடம் போய் எனக்கு நாற்பத்தேழு வயதாகிவிட்டது என்கிறார். இன்னோர் இடத்தில், ஒரு பட வாய்ப்பை சீகல் தட்டிக்கொண்டு போய்விட்டார், குடுமியை வெட்டச் சம்மதித்துவிட்டாராம் என்று செய்தி வருகிறது. சிரிப்பு வரும். பிறகு ஆறு நிமிடமளவில் கமராவைப் பார்த்து, போதைப்பொருளையும் தோல்விகளையும் பற்றிக் கண்கலங்கப் பேசுகிறார். ஓர் உதை இல்லை. அவர் நடித்ததில் மிகச் சிறந்த சண்டைக் காட்சி அதுதான் என்பேன். 2012 இல் 'எக்ஸ்பெண்டபிள்ஸ் 2' இல் வில்லனாக வந்து ஸ்ரலோனிடம் அடி வாங்கிச் செத்தார்.

சீகல் அப்படிச் செய்யவில்லை. உடம்பு பெருத்தது, படம் குறையவில்லை. கதிரையில் இருந்தபடியே பத்துப் பேரை வீழ்த்துவார். தூர நின்று எடுக்கும் காட்சிகளில் வேறொருவரின் முதுகு அவருக்காகச் சண்டை பிடிக்கும். 2016 இல் ரஷ்யக் குடியுரிமை கிடைத்தது. பூட்டின் கையாலேயே கடவுச்சீட்டு வாங்கினார். அறுபது தாண்டியும் திரையில் ஓர் அடி அவர்மேல் விழ அவர் விடவில்லை. வாழ்நாளில் அடி வாங்கிப் பழகாதவனுக்கு வயதிடம் அடி வாங்கவும் தெரியாது போலும்.

தேத்தண்ணிக் கடைக்கு வருவோம். 2013 இல் வந்த வொல்வோ லொறி விளம்பரத்தை வன்டாம் அண்ணைக்கு என் போனில் போட்டுக் காட்டினேன். ஸ்பெயினில் ஒரு விமான ஓடுபாதை, விடியற்காலை. இரண்டு லொறிகளின் பக்கக் கண்ணாடிகளில் காலூன்றிக் கைகட்டி நிற்கிறார் ஐம்பத்துமூன்று வயது வன் டாம். லொறிகள் மெதுவாக விலக விலக அவருடைய கால்களும் விரிந்து நேர்கோடாகின்றன. வெட்டு ஒட்டில்லாத ஒரே காட்சி. பத்துக் கோடி தடவைக்கு மேல் பார்க்கப்பட்ட விளம்பரம்.

அண்ணை கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு இரண்டு தரம் பார்த்தார். அவர் இப்போது நெல் ஏற்றுகிற லொறி ஓடுகிறார்.

"தம்பி, லொறி ரிவேர்சிலையெல்லோ வருகுது. கவனிச்சனியே?"

"ஓம் அண்ணை. காலைப் பாருங்கோவன்."

"காலை விடு. ரெண்டு லொறியையும் ஒரே கணக்கிலை பின்னுக்கு எடுக்கிறாங்கள் பார். ரைவர்மார்தான்ரா கெட்டிக்காரர்."

"அண்ணை, இப்ப உங்களாலை காலை விரிக்க ஏலுமே?"

சிரித்தார். வலது முழங்காலுக்கு மேலே தட்டிக் காட்டினார். 2009 இல் போரில் பட்ட குண்டுப் பீஸ் ஒன்று இன்னும் உள்ளே கிடக்கிறது. மாரி காலத்தில் கிளச் மிதிக்கிற காலை விட இந்தக் கால்தான் உளையும் என்றார். "அண்டைக்கு வாழை, இண்டைக்கு பிரேக். உதைக்கிறதை நான் விடேல்லை."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வருத்தமும் இல்லை, பெருமையும் இல்லை. வன் டாம் ஆறு நிமிடம் பேசியதை எங்கள் வன்டாம் ஒரு வரியில் முடித்துவிட்டார்.

காசைக் கொடுத்துவிட்டு எழும்பும்போது அவரே கேட்டார்: "எங்கடை பக்கத்துப் பிள்ளை ஒண்டு பாகிஸ்தானிலை போய் அடிச்சு வெண்டதெல்லோ, அதின்ரை வீடியோ இருக்கே?"

இருந்தது. முல்லைத்தீவு மாவட்டத்தைச் சேர்ந்த கணேஷ் இந்துகாதேவி. 2022 ஜனவரியில் லாகூரில் நடந்த சவாட் போட்டியில் இலங்கைக்காகத் தங்கம் வென்றவர். சவாட், சப்பாத்துப் போட்டுக்கொண்டு காலால் உதைக்கும் பிரெஞ்சுக்காரரின் சண்டைக் கலை. வன் டாமின் தாய்மொழி பேசுகிறவர்களின் கலை. அந்த உதை லேஞ்சியளவு படத்திலிருந்து இறங்கி, கம்பியும் கணினியும் இல்லாமல், எங்கள் மாவட்டத்துப் பெண் ஒருத்தியின் காலுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

வன்டாம் அண்ணை படத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். அவர் முதலில் கவனித்தது அந்தப் பிள்ளை அடித்ததை அல்ல.

"அடி விழேக்கை கண்ணை மூடேல்லைப் பார்," என்றார்.