ஓடப் பிறந்த குட்டி



ஒன்பது நாளைக்கு முன் சென்னை காலடிப்பேட்டையிலிருந்து ஒரு வாசகி, பத்து வயது மகனைக் கையில் பிடித்துக்கொண்டு நம் பத்திரிகை அலுவலகப் படியேறி வந்தார். சந்தா கட்ட வந்தவர் என்றுதான் நினைத்தேன். "சந்தா அப்புறம் கட்டறேன் சார். ஒரு நாய்க்குட்டி விசயம் கேக்கணும்" என்றார்.

சாத்தூர்ப் பக்கம் அவருடைய நாத்தனார் வீட்டில் சிப்பிப்பாறை நாய் ஒன்று ஐந்து குட்டி போட்டிருக்கிறது. தாய்தான் சிப்பிப்பாறை. அப்பன் அந்தத் தெருவில் திரியும் எவனோ ஒருவன். பையன் செல்போனில் படத்தைப் பார்த்ததிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லையாம். "வேட்டை நாய்ங்கிறாங்க. வீட்டுக்கு ஒத்துவருமா சார்? அதுவும் கிராஸு..." என்று கடைசிச் சொல்லில் குரலைத் தாழ்த்தினார்.

அந்தத் தாழ்ந்த குரல்தான் எனக்குப் பிடிக்கவில்லை. கிராஸ் என்றால் குறை இல்லை அம்மா, ஒரு புதிர், அவ்வளவுதான். தாயின் காலும் தகப்பனின் சாமர்த்தியமும் வரலாம், மாறியும் வரலாம். ஒரே ஈத்தில் ஒன்று நாள் முழுக்கத் தூங்கும், இன்னொன்று சுவரேறும். முகத்தை வைத்துச் சோதிடம் சொல்ல முடியாது. ஆனால் தாயைப் பார்க்கலாம். அந்நியர் வந்தால் அது எப்படி நடந்துகொள்கிறது, குழந்தைகள் பக்கத்தில் போனால் விலகுகிறதா, உறுமுகிறதா என்று நாத்தனாரிடம் கேட்டாலே பாதிச் சேதி கிடைத்துவிடும்.

மீதிச் சேதி அந்த மண்ணில் இருக்கிறது. சிப்பிப்பாறை விருதுநகர் மாவட்டத்து ஊர். இதே போல நாய்க்குப் பேர் கொடுத்த ராஜபாளையமும் அந்த மாவட்டம்தான். கோம்பை தேனிப் பக்கம். கன்னி நாயும் தென்மாவட்டத்துப் பிறவி. இவற்றில் சிப்பிப்பாறை, கன்னி மாதிரி, கரிசல் காட்டு வெட்டவெளியில் முயல் துரத்த வளர்த்த நாய், மோப்பம் பிடித்துக்கொண்டு மெல்லப் போவதில்லை. கண்ணால் பார்க்கும், பார்த்த நொடியில் பாயும். நீண்ட கால், ஒட்டிய வயிறு, ஆழமான நெஞ்சுக்கூடு எல்லாம் அதற்காகத்தான். 'பரியேறும் பெருமாள்' படம் பார்த்தவர்களுக்கு அதில் வரும் வேட்டை நாய் கருப்பியை நினைவிருக்கும். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு வேட்டை குற்றமாகிவிட்டது. நாய்க்கு வேலை போயிற்று, கால் போகவில்லை. 2005இல் அஞ்சல் துறை ராஜபாளையம் நாய்க்கு ஒரு தபால்தலை வெளியிட்டுக் கௌரவித்தது. தபால்தலையில் நிற்கிற நாய் சமர்த்தாக நிற்கும். வீட்டில் நிற்காது.

இது எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? முப்பது வருடத்துக்கு முன் என் தம்பி ஒரு ராஜபாளையம் கிராஸை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்திறங்கினான். மணி என்று பெயர் வைத்தோம். தேரடிப் பக்கம் சந்துக்குள் ஒன்றரை அறை வீடு. காலையில் எல்லோரும் வேலைக்குப் போய்விடுவோம். மணியைக் குழாயடியில் கட்டிவிட்டுப் போவோம். ஆறாம் மாதத்தில் அது வீட்டில் இருந்த செருப்பையெல்லாம் தின்று தீர்த்தது. எட்டாம் மாதத்தில் பக்கத்து வீட்டுக் கோழி இரண்டு. காசு கொடுத்தோம், மன்னிப்புக் கேட்டோம், நாயை அடித்தோம். நாய்க்கு எதற்கு அடி விழுந்தது என்றே தெரிந்திருக்காது. ஓடப் பிறந்த உடம்பைப் பத்து மணி நேரம் கயிற்றில் கட்டினால் வேறென்ன செய்யும்?

ஒருநாள் மாலை நடத்திக்கொண்டு போனபோது எதிரே ஒரு பூனை. மணி தலையை ஒரு உதறு உதறியது. கழுத்துப் பட்டை என் கையில், நாய் எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில். நேரே கன்டெய்னர் லாரி. அந்த டிரைவர் யாரோ, எந்த ஊரோ, அவர் போட்ட பிரேக்கில்தான் மணி பிழைத்தது. முன்கால் ஒன்று கடைசிவரை நொண்டியது. இந்த மாதிரி நாய்களுக்குத் தலையும் கழுத்தும் ஏறக்குறைய ஒரே பருமன் என்பதும், சாதாரணப் பட்டை எளிதாக உருவி வந்துவிடும் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மார்பைச் சுற்றிப் போடும் ஹார்னஸ்தான் சரி. லாரி ஓயாத நம் ஊரில் சங்கிலியை அவிழ்த்துவிடவே கூடாது. "எங்க டைகர் கூப்பிட்டா நின்னுடும்" என்பவர்களை நம்பாதீர்கள். முயலையோ பூனையோ கண்ட பிறகு அதற்குக் காது கேட்காது.

குட்டி பொறுக்கும் விதத்தையும் அந்த அம்மாவிடம் சொன்னேன். பிள்ளைகள் எப்போதும் முதலில் ஓடிவந்து மேலே தாவுகிற குட்டியைத்தான் எடுப்பார்கள். வீட்டுக்கு அது வேண்டாம். அந்த ஐந்தில் அதுதான் பெரிய ஓட்டக்காரனாக இருக்கலாம். மூலையில் நடுங்குவதைப் பரிதாபப்பட்டு எடுப்பதும் வேண்டாம். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்துவிட்டு, மெதுவாக வந்து முகர்ந்து, போய், திரும்ப வருகிறதே, அதைப் பாருங்கள். சாவிக்கொத்தைக் கீழே போடுங்கள். திடுக்கிட்டாலும் மறுநிமிடம் என்னவென்று பார்க்க வருகிற குட்டி பட்டாசுக்கும் துறைமுகச் சங்குக்கும் பழகிக்கொள்ள வாய்ப்பு அதிகம். உடம்பு முழுக்க வெள்ளையாக இருந்தால் அதன் பின்னால் நின்று கை தட்டிப் பாருங்கள். வெள்ளைக் குட்டிகளில் சிலவற்றுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. கடுவனா பொட்டையா என்பதெல்லாம் அதற்கப்புறம்.

எட்டு வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரிக்காதீர்கள். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017ஆம் வருட மத்திய அரசு விதியே இருக்கிறது. சும்மா கொடுத்தாலும் அந்தக் கணக்கு நல்லது. கடிக்கும்போது எவ்வளவு அழுத்தலாம் என்பதைக் குட்டி, தாயிடமும் கூடப்பிறந்தவர்களிடமும்தான் கற்கிறது. வந்தவுடன் பூச்சி மருந்து, பார்வோ தடுப்பூசி. மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி. பக்கத்தில் மருத்துவர் இல்லையென்றால் வேப்பேரி கால்நடை மருத்துவமனை இருக்கவே இருக்கிறது. மாநகராட்சி உரிமமும் வாங்க வேண்டும். ஒன்றை மட்டும் நம் ஊருக்குச் சாதகமாகச் சொல்லலாம்: ஒட்ட முடி கொண்ட இந்த நாய்களுக்குச் சென்னை வெயில், ஏசி அறையில் மூச்சிரைக்கும் ஹஸ்கிக்குப் போல எமனாக வராது. அதற்காக மத்தியான ரோட்டில் நடத்தாதீர்கள். தார் பாதத்தைப் பொசுக்கிவிடும்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப வாங்கலாமா, வேணாமா சார்?" என்றார்.

நான் அவர் வீட்டு நேரத்தை விசாரித்தேன். கணவருக்குக் கன்டெய்னர் யார்டில் ஷிப்ட் வேலை. மகள் கல்லூரிக்கு ஏழரை மணி மெட்ரோ. இவர் வீட்டிலேயே தைக்கிறார். பையனுக்குப் பள்ளிக்கூடம். நாய்க்குத் துணை உண்டு. ஓடுவதற்கு ஆள் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

நம் கடற்கரையில் அடங்கியிருக்கும் பட்டினத்தாரைப் பற்றி ஒரு கதை உண்டு. அவருடைய சீடர் பத்திரகிரியார் அரச பதவியைத் துறந்து வந்தவர். மிச்சம் ஒரு திருவோடும் கூடவே ஒட்டிக்கொண்ட ஒரு நாயும்தான். திருவிடைமருதூர்க் கோயிலில் பிச்சை கேட்டு வந்தவரிடம் பட்டினத்தார், "அந்த வாசலில் ஒரு குடும்பி இருக்கிறான், அவனிடம் கேள்" என்று கை காட்டினாராம். திருவோடும் நாயும் வைத்திருந்தாலே குடும்பஸ்தன்! பத்திரகிரியார் மனம் நொந்து திருவோட்டை நாயின்மேல் வீசினார், அது செத்துப்போனது. அந்த நாய்க்காக நான் இன்றும் வருத்தப்படுகிறேன். ஆனால் பட்டினத்தார் கணக்கு சரிதான். நாய் வந்தால் வீட்டில் ஒரு தலை கூடிவிடுகிறது.

அதனால் இப்படிச் சொன்னேன்: "குட்டிக்கு இப்ப ஆறு வாரம். எட்டு வாரம் முடிய இன்னும் பதினாலு நாள் இருக்கும்மா. அதுவரைக்கும் தினம் காலையில அஞ்சரைக்கு, நாயில்லாமலே, பட்டினத்தார் கோயில் பக்கம் கடற்கரையில அரை மணி நேரம் நடந்து பாருங்க. பதினாலு நாளும் வந்துட்டா, சாத்தூருக்கு டிக்கெட் எடுங்க."

நானும் அந்த நேரத்தில் அங்கேதான் நடக்கிறேன். இதை எழுதும் இன்று ஒன்பதாவது நாள். எட்டு நாள் அக்காளும் தம்பியும் சேர்ந்து வந்தார்கள். இன்று பையன் தூங்கிவிட்டானாம். அக்கா மட்டும் தனியாக நடந்துவிட்டுப் போனாள்.


ஆசிரியர்