அபிவிருத்தி யாருக்கு?

ஓரிடத்துக்கு அபிவிருத்தி வருகிறதென்றால், அங்கிருந்து யார் போகிறார்கள் என்று பார்ப்பதே பகுத்தறிவாகும்.

தென் லண்டனில் எலிஃபண்ட் அண்ட் காசில் என்னும் பேட்டையில் 1965-ல் ஷாப்பிங் சென்டர் என்னும் பெரிய கடை மாளிகை திறக்கப்பட்டது. திறந்தபோதே பல கடைகளுக்கு ஆளில்லை. 1990-களிலிருந்து கொலம்பியா முதலிய தென் அமெரிக்க நாடுகளிலிருந்து பிழைக்க வந்தவர்கள் அங்கே உணவுக் கடையும், ஊருக்குப் பணம் அனுப்பும் கடையும் வைத்தார்கள். கருப்பரும் ஆசியருமான முதியோர் பலர் பிங்கோ ஆட்டத்துக்குக் கூடினார்கள். அந்தக் கட்டடத்துக்கு உயிர் கொடுத்தவர்கள் இவர்கள்தானே?

நிலத்தின் விலை ஏறியதும் இவர்கள் கண்ணுக்கு உறுத்தலாய்ப் போனார்கள். சௌத்வார்க் நகரசபை 2018-ல் புதுக் கட்டடத்துக்கு அனுமதி கொடுத்தது. வழக்காடியும் பயனில்லை. 2020 செப்டம்பரில் கதவடைத்து, 2021-ல் இடித்தார்கள். சிலருக்குப் பக்கத்தில் தற்காலிக இடம் கிடைத்தது, எல்லோருக்கும் கிடைக்கவில்லை.

"கட்டடம் பழசு, அவலட்சணம்" என்பது ஒரு சமாதானம். பழசுதான், நாம் மறுக்கவில்லை. கூரை ஒழுகினால் கூரையை மாற்றுவதா, குடியிருப்பவனை மாற்றுவதா?

"எல்லாம் சந்தை விதி" என்பது மற்றொன்று. தலைவிதியென்று சொல்லி ஏழையின் வாயடைத்த வேலையை இப்போது சந்தை விதி செய்கிறது. இவ்விதியை எந்தப் பிரமன் எழுதினான்? வாடகை வாங்குகிறவனும் அனுமதிக்குக் கைதூக்கினவர்களும் எழுதியதுதானே!

ஆகவே தோழர்களே, எங்கே எவர் அபிவிருத்தியென்று கூவினாலும், பழைய கடைக்காரனுக்குக் கட்டுப்படியாகும் வாடகையில் புதுக் கட்டடத்தில் இடமுண்டா என்று முதலில் கேளுங்கள். பதில் வராவிட்டால் அந்த அபிவிருத்தியின் யோக்கியதை அவ்வளவுதான் என்று அறிந்துகொள்ளுங்கள்.